ஆன்டெனாவைத் திருப்பியவர்

மழைக்குப் பிறகு டிவியில் படம் உடைந்து உடைந்து வந்தது. பழுது பார்க்க வந்தவர், ஜன்னல் வழியாக மொட்டைமாடியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். "அண்ணே, வலது பக்கம் திருப்புங்க. இன்னும் கொஞ்சம்... அவ்வளவுதான்!"

டீயோடு வந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். கணவர் இறந்த பிறகு இந்த வீட்டில் நான் மட்டும்தான். மாடிக்கதவின் சாவி என் இடுப்பில் இருந்தது.

"மேல யாரு தம்பி? உங்க ஆளா?"

"நான் தனியாத்தானே வந்தேன். உங்க வீட்டுக்காரர்தான் 'சரியா வருதா'ன்னு குரல் குடுத்தாரு. அலுத்துக்காம திருப்புறாருக்கா. இறங்கி வரச் சொல்லவா?"

படம் தெளிவாக வந்துவிட்டது; திரையில் ஒரு புள்ளிகூட இல்லை. வேலை முடிந்தால் ஒரு நிமிடம் நிற்க மாட்டார் என் கணவர்.

"வேணாம்," என்றேன். "படம் இன்னும் சரியா வரல. திருப்பிக்கிட்டே இருக்கச் சொல்லுங்க."