சத்தக்கார சார்

சத்தம் போட்டுப் பாடம் நடத்துகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

அன்றைக்கு என் வேலையே, ஒரே பாடத்தை இரண்டு விதமாக நடத்தும் இரண்டு வகுப்புகளைப் பார்த்து, எது தேவலை என்று கல்வி அலுவலகத்துக்கு எழுதித் தருவதுதான். ஏழாம் வகுப்பில் இரண்டு பிரிவு. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. அந்தப்பக்கம் சார், இந்தப்பக்கம் டீச்சர். இரண்டு பக்கமும் பின்னக் கணக்கு.

"பார்த்து எழுதுங்க மேடம்," என்றார் தலைமை ஆசிரியர். "டீச்சருக்கு வேலை நிரந்தரமாகுறதும் சாருக்குப் பதவி உயர்வு வர்றதும் உங்க கையிலதான் இருக்கு."

முதலில் டீச்சர் வகுப்பு. அவர் வாயே திறக்கவில்லை. ஒரு விரலை உயர்த்தினார், அவ்வளவுதான். முப்பத்தெட்டு பிள்ளைகளும் மேசை மேல் இருந்த அட்டைகளைப் புரட்டி ஒன்றைத் தூக்கிக் காட்டினார்கள். முக்கால்! ஒரே ஒரு பையன் மட்டும் 'அரை' என்று தூக்கியிருந்தான். டீச்சர் அவன் பக்கத்தில் போய் ஒரு காகிதத்தை நாலாக மடித்துக் காட்டினார். பயல் சிரித்துக்கொண்டே அட்டையை மாற்றினான்.

அடடா! இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் இப்படி ஒரு வகுப்பை நான் பார்த்ததில்லை.

கெடுத்தது தடுப்புக்கு அந்தப்பக்கத்து ஆள்தான்.

"நாலுல மூணு பங்கு! எவ்வளவு? சொல்லுங்க, எவ்வளவு?"

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு கத்தல்.

"எப்படிம்மா இதைப் பொறுத்துக்கிறீங்க? காது கிழியுதே!" என்றேன் டீச்சரிடம்.

அவர் புன்னகைத்தார். பாவம், எவ்வளவு பொறுமை!

இரண்டு பிரிவுக்கும் பத்துக் கணக்கு கொடுத்துப் பார்த்தேன். டீச்சர் வகுப்பில் சராசரி ஒன்பது. சார் வகுப்பில் எட்டு. இதற்கு மேல் என்ன வேண்டும்? சார் பெயருக்கு எதிரே எழுதினேன்: 'கத்துகிறார். பழைய பாணி. பக்கத்து வகுப்புக்கு இடைஞ்சல். பதவி உயர்வுக்கு ஏற்றவர் அல்ல.'

முகத்துக்கு நேரே நாலு வார்த்தை சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. அந்தப்பக்கம் போனேன்.

ஒல்லியான மனிதர். சட்டையெல்லாம் வியர்வை. பிள்ளைகளைக்கூடப் பார்க்காமல், தடுப்பைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் மெதுவா நடத்துங்க சார். இங்க யாருக்கும் காது மந்தம் இல்லையே?"

திருதிருவென்று விழித்தார். "சரிங்க மேடம்."

குரல் இறங்கியது. நான் கடைசி பெஞ்சில் நிம்மதியாக உட்கார்ந்தேன்.

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. பக்கத்துப் பிரிவிலிருந்து ஒரு பெண் குழந்தை வாசலில் வந்து நின்றாள்.

"சார், எங்களுக்கு ஒண்ணுமே கேக்கல சார். முக்கால்ல காலைக் கழிக்கிற இடத்துலயே நிக்கிறோம்."

அப்புறம்தான் என்னைப் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு ஏன் கேக்கணும்? உங்க டீச்சர் இருக்காங்களே?"

அவள் சாரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"டீச்சருக்குத் தொண்டையில ஆபரேஷன் மேடம். இன்னும் ஒரு மாசம் பேசக் கூடாதாம். அதுவரைக்கும் எங்களுக்கும் சார்தான் இங்கேருந்தே நடத்துறாரு. ஆனா யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

சார் முன்னால் வந்தார்.

"அவங்களுக்குத் தற்காலிக வேலை மேடம். லீவு போட்டா அந்த இடத்துக்கு வேற ஆள் வந்துருவாங்க. அவங்க சம்பளத்துலதான் வீடே ஓடுது. பிள்ளைங்களுக்கு ஒரு குறையும் இல்ல. சொல்லப்போனா அவங்க பிள்ளைங்கதான் காதைத் தீட்டிக்கிட்டுக் கேக்குறாங்க, என் முன்னாடி இருக்கிறதுங்க கொட்டாவி விடுதுங்க. என்னைப் பத்தி என்ன வேணாலும் எழுதிக்குங்க. அவங்களை மட்டும் விட்டுடுங்க."

டீச்சரும் வந்து நின்றிருந்தார். விறுவிறுவென்று கரும்பலகைக்குப் போய் எழுதினார்.

'இவர் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துவதால்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது. இவர் நல்லா இருக்கணும்.'

"அட, என்ன டீச்சர் நீங்க! பிள்ளைங்க பார்க்குதுங்க," என்று சார் அவசர அவசரமாக அதை அழித்தார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்வதற்கு என்ன வெட்கம்? எழுதிய படிவத்தை அங்கேயே கிழித்தேன்.

தலைமை ஆசிரியர் அறையில் உட்கார்ந்து வேறு படிவம் எழுதினேன்.

"எது நல்ல முறைன்னுதான் என்னைக் கேட்டிருக்காங்க. யாருக்குக் குரல் இருக்கு, இல்லைன்னு எழுத இதுல கட்டமே இல்ல. டீச்சர் வேலைக்கு நான் பொறுப்பு," என்றேன். "சார் மனசு பெரிய மனசு. நூறு வருஷம் நல்லா இருக்கட்டும். ஆனா முறைன்னு பார்த்தா டீச்சரோட அட்டை முறைக்குத்தான் முதலிடம். சாரோட கத்தலுக்கு ரெண்டாவது இடம்தான் தர முடியும்."

தலைமை ஆசிரியர் சிரித்துவிட்டார்.

"மேடம், அந்த அட்டை ஒவ்வொண்ணும் சார் பதினஞ்சு வருஷமா உக்காந்து வெட்டினது. போன மாசம் அத்தனையையும் டீச்சர்கிட்ட தூக்கிக் கொடுக்கிற வரைக்கும், இந்தப் பள்ளிக்கூடத்துல சத்தம் போடாத வாத்தியார் அவர் ஒருத்தர்தான்!"