வேறு ஜோடி

செல்போன் அலறியது. மூன்றாவது கருவும் கலைந்து, கச்சிராயபாளையத்தில் தாய்வீட்டில் படுத்திருந்த தேவிப்ரியா ஸ்பீக்கரில் போட்டாள்.

அவள் வேலை பார்க்கும் சென்னை ஆய்வகத்திலிருந்து ஜெஸி. "அக்கா, நம்ம எலி வயித்துல இந்தத் தடவையும் கரு எல்லாம் செத்துப்போச்சு."

"ஆணும் பெண்ணும் ஒரே வம்சம் ஜெஸி. ரெண்டுலயும் அதே மரபணுக் கோளாறு. வேற ஜோடி சேர்த்தாதான் தங்கும்."

போனை வைத்ததும் உடைந்துபோனாள். "எனக்கும் அவருக்கும் அதே மாதிரி கோளாறுதாம்மா."

அம்மா கொளஞ்சியம்மாள் அவள் தலையை வருடினாள்.

"இதுக்கு இன்னாத்துக்குடி அழுவுற? ஜோடி மாத்துனா தங்கும்னு நீயே சொல்லிட்ட. உன் தங்கச்சி தனுஷாவ உன் புருஷனுக்குக் கட்டி வெச்சிடறேன். என் கூடப்பொறந்த தம்பிக்கு நான் செய்யாம வேற யாரு செய்வாங்க?"