தினம் அறுபது கிராம்

"தினமும் அறுபது கிராம் புரோட்டீன், மேடம். மூணு மாசத்துல ஒரு நாள் கூட ஒரு கிராம் குறைஞ்சதில்லை," என்றார் லாரி எடைமேடைக்காரர்.

மேசைக்கு எதிரே இருந்த உணவு ஆலோசகர், அவருடைய மகள் வயதுப் பெண், ரத்தப் பரிசோதனைத் தாளை இன்னொரு தடவை பார்த்தாள். தாள் வேறு மாதிரி பேசியது. அவர் உடம்பில் புரதம் போன மாதத்தைவிடக் குறைவு.

தாளைக்கூடப் பார்க்க வேண்டாம்; அவர் தலையைப் பார்த்தால் போதும். சீப்பை எடுத்துக் காட்டினாலே முடி தானாக எழுந்து வந்து அதில் உட்கார்ந்துகொள்கிறது. காலும் அப்படித்தான், வலுவே இல்லை. லாரிகளை எடை போடும் மேடைக்குப் பக்கத்தில், ஒன்பது படி ஏறினால் அவருடைய அறை. நூற்று எண்பது கிலோ இருந்தபோது மூச்சு வாங்கினாலும் ஏறிவிடுவார். நாற்பது கிலோ குறைந்த பிறகு ஐந்தாவது படியிலேயே உட்கார்ந்துவிடுகிறார். கீழே லாரிகள் வரிசைகட்டி நின்று ஹாரன் அடிக்கின்றன. திங்கட்கிழமை முதலாளி வந்து பார்த்துவிட்டு, இன்னொரு நாள் படியில் உட்கார்ந்தால் அப்புறம் வீட்டிலேயே உட்கார்ந்துகொள்ளலாம் என்று தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

"யானை படுத்தாலும் குதிரை மட்டம்னு சொல்வாங்க, மேடம். இந்த யானை எழுந்து நின்னாலே ஆட்டுக்குட்டி மட்டம்தான்."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. இன்னும் குறைந்தால் மருத்துவமனையில் சேர்த்து, மூக்கு வழியாகக் குழாய் விட்டு ஊட்ட வேண்டியிருக்கும் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டாராம். மூன்று வாரமாவது ஆகும். மூன்று வாரம் படுத்தால், ஒன்பது படிக்கு மேலே வேறொருவர் உட்கார்ந்திருப்பார் என்பது அவருக்குத் தெரியும்.

உடம்பு அவருக்கு எப்போதும் ஊர்ச் சிரிப்புதான். ஏதாவது கேட்க மேடையைக் குறுக்கே கடந்தால்கூட லாரிக்காரர்கள் பதறுவார்கள். "அண்ணே, நீங்க இறங்கினப்புறம் எடை போடுங்க, எங்களுக்கு அபராதம் விழும்" என்பார்கள். அறுவைசிகிச்சைக்கு முன் இந்த மருத்துவமனையின் எடை இயந்திரத்தில் ஏறினார். முள் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டுப் பூஜ்யத்தில் வந்து நின்றது. சரியான எடை வேண்டுமே என்று டாக்டர் கூச்சப்பட்டார். இவர் நேராகத் தன் மேடைக்குப் போய் நடுவில் நின்றுகொண்டு, ஒரு டிரைவரை விட்டுப் பட்டனைத் தட்டச் சொன்னார். கணினி வண்டி எண் கேட்டது.

பிறகு அவருடைய இரைப்பையை வெட்டிச் சின்னதாக்கினார்கள். கோடவுனை இடித்துப் பெட்டிக்கடை ஆக்கிவிட்டார்கள் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டார். பெட்டிக்கடையில் இடம் கொஞ்சம். அதனால் முதலில் புரதம், மற்றதெல்லாம் பிறகு. இது அந்தப் பெண் சொல்லிக் கொடுத்த பாடம். தினம் அறுபது கிராம்.

அதே அறுவைசிகிச்சை செய்துகொண்ட மற்றவர்கள் அதற்குத்தான் திண்டாடினார்கள். வெளியே காத்திருந்த முடிதிருத்துபவர் மீன், பயறு, பால்கட்டி, பொடி கலந்த பால் என்று கண் விழித்ததிலிருந்து மென்றுகொண்டே இருந்தும் அதில் சேர்ந்த புரதம் நாற்பது கிராமைத் தாண்டவில்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் அந்தப் பொடி டப்பாவைப் பார்த்தாலே அழுதார். எடைமேடைக்காரர் மட்டும், எத்தனை கிராம் என்று எந்த மாதம் கேட்டாலும் அறுபது என்றார். அந்தப் பெண்ணும் மகிழ்ந்து குறித்துக்கொண்டாள். அந்த இருவருக்கும் நாலு வார்த்தை சொல்லும்படி அவரையே கேட்டுக்கொண்டாள். மனசு வைத்தால் ஆகாதது உண்டா என்று அவரும் இருபது நிமிடம் பேசினார். ஆசிரியை அதற்கும் அழுதார்.

இப்போது அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "சார், நான் திட்ட மாட்டேன். நிஜமாவே அறுபது சாப்பிடறீங்களா?"

பக்கத்தில் இருந்த மனைவிக்குச் சுருக்கென்றது. "இவரு சோம்பேறிம்மா, ஒத்துக்கறேன். இவர் குறட்டைக்குப் பக்கத்து வீட்டு நாய் பதில் சொல்லும். ஆனா பொய் சொல்ல மாட்டாரு. என் கண்ணு முன்னாடிதான் சாப்பிடறாரு. இன்னும் கொஞ்சம்னு நான் கெஞ்சினாலும், அறுபது ஆயிடுச்சுன்னு சொல்லிட்டு சூப்புக்குப் போயிடுவாரு."

வாங்குவது கலப்படமாக இருக்குமோ என்று மனைவி மூன்று கடை மாற்றிப் பார்த்துவிட்டாள். பலனில்லை.

எடைமேடைக்காரருக்கு ரோஷம் வந்தது. முடி போகட்டும், கால் போகட்டும். இருபத்தாறு வருடத்தில் அவர் போட்ட எடை ஒன்றுகூடத் தப்பென்று திரும்பி வந்ததில்லை. உங்கள் பரிசோதனை இயந்திரத்தைச் சரிபார்த்து அரசு முத்திரை வைத்து எத்தனை நாளாயிற்று என்று பணிவாக விசாரித்தார்.

அந்தப் பெண் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டாள். "சரி சார். நேத்து காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் புரோட்டீனுக்காக என்னென்ன சாப்பிட்டீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒரு அவிச்ச முட்டை, ரெண்டு ஸ்பூன் பால். நகைக்கடைத் தராசுல வெச்சுப் பார்த்தேன், மொத்தம் அறுபத்தாறு கிராம். முட்டை ஓடு ஆறு கிராம் கழிச்சா, நிகர எடை அறுபது. ஓட்டையும் சேர்த்துக் கணக்குக் காட்டற ஆளு நான் இல்லை, மேடம்."