கண்ணில் படாதவர்

“இவர் கொலை பண்ணலை சார். அதுக்கு நான் சாட்சி,” என்றார் துப்பறிவாளர், தொப்பியில் தேங்கிய மழைநீரை உதறியபடி.

பிணவறை வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த கணவர் மெல்ல நிமிர்ந்தார். எதிரே நின்ற இறந்தவளின் அண்ணன் பல்லைக் கடித்தான். இருவருக்கும் நடுவே, வேறு வழியில்லாமல், இன்ஸ்பெக்டர் நின்றுகொண்டிருந்தார்.

“என் தங்கச்சி இந்த ஆளுக்குப் பயந்துக்கிட்டே வாழ்ந்தா சார். இவரை விட்டா வேற யாரு அவ கழுத்தை நெரிக்கப்போறாங்க?”

“உங்க வருத்தம் புரியுது தம்பி,” என்றார் துப்பறிவாளர். “ஆனா நேத்து காலையிலேர்ந்து இருட்டுற வரைக்கும் இவர் என் பார்வையிலதான் இருந்தார். அதுக்காகத்தான் உங்க தங்கச்சியே என்னை வேலைக்கு வெச்சாங்க.”

துப்பறிவாளருக்குத் தொழில் வட்டாரத்தில் ‘பல்லி’ என்று பெயர். சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வார், யார் கண்ணிலும் பட மாட்டார். அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

போன வாரம்தான் அந்த அம்மா அவருடைய ஆபீசுக்கு வந்தார். கறுப்புப் புடவை, கறுப்புக் கண்ணாடி. கணவரின் போட்டோவை மேசையில் வைத்து, “எங்க வீட்டுக்காரர் எங்க போறார், யாரைப் பாக்குறார்னு எனக்குத் தெரிஞ்சாகணும்,” என்றவர், கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதார். அழுத அந்த முகம் பல்லியின் மனதில் அப்படியே தங்கிவிட்டது.

“நேத்து எங்கெல்லாம் போனார்?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“சலூன், லைப்ரரி, அப்புறம் ஹோட்டல்ல ஜன்னலோர மேசை. என் சர்வீஸ்ல யாரையும் இவ்வளவு சுலபமா பின்தொடர்ந்ததில்ல சார். ஒரு தடவை கூட்டத்துல நான் பஸ்ஸை விட்டுட்டேன். பதறிப்போய் அடுத்த பஸ்ஸைப் பிடிச்சா, மனுஷன் அடுத்த ஸ்டாப்லயே இறங்கி நின்னு காத்து வாங்கிக்கிட்டிருக்கார்.”

“கொட்டுற மழையிலயா?”

“நம்ம அதிர்ஷ்டம் சார்.”

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். பல்லிக்குப் பொய் சொல்ல வராது என்பது ஸ்டேஷனுக்கே தெரியும். “சரி, நீங்க வீட்டுக்குப் போகலாம்,” என்றார் கணவரிடம்.

அண்ணன்காரன் சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதான்.

கணவர் எழுந்து வந்து பல்லியின் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்க மட்டும் இல்லேன்னா என் கதி என்ன ஆகியிருக்கும்,” என்றார் தழுதழுத்த குரலில். பிறகு குடையை விரித்துக்கொண்டு படியிறங்கினார்.

பல்லிக்கு மனசு கேட்கவில்லை. ஹோட்டலுக்கு எதிரே நின்று தான் வேவு பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், நம்பி வேலை கொடுத்தவள் வீட்டில் தனியாகச் செத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“சார், அந்தம்மா முகத்தை ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன்.”

இன்ஸ்பெக்டர் தலையசைக்க, பிணவறை ஊழியர் துணியை விலக்கினார். பல்லி தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை.

“என்ன ஆச்சு?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“குடையோட போறாரே, அவரை நிறுத்துங்க சார். என்கிட்ட வந்தது இவங்க இல்ல.”