விற்ற சரக்கு வாபஸ் இல்லை

பத்து மணி ஐந்து நிமிஷம். நான்கு நாற்காலியில் மூன்று நிரம்பிவிட்டது.

ஷகீலாவுக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும்போல இருந்தது. தட்டவில்லை. ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கிறவள் அப்படியெல்லாம் செய்யக் கூடாது.

போன புதன்கிழமை இதே நேரம், இந்தத் தி.நகர் பல் கிளினிக்கில் ஈ காக்கை இல்லை. பல்லுக்குக் கம்பி போட்டுக்கொண்டவர்களில் பாதிப் பேர் நந்தனத்துக் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கிற பையன்கள். மாதம் ஒரு தரம் வந்து கம்பியை இறுக்கிக்கொள்ள வேண்டும் என்பதைச் சுத்தமாக மறந்துவிடுவார்கள். முந்தின நாளே போன் போட்டு ஞாபகப்படுத்துவது ஷகீலாவின் வேலை.

அவளோ போஸ்ட் கார்டு எழுதினாள். கார்டு போய்ச் சேருவதற்குள் தேதி போய்விடும்.

"போனைத் தொட்டா கரண்டா அடிச்சிடும் உனக்கு? இன்னா பொண்ணும்மா நீ!" என்று ஆரோக்கியமேரி தினம் ஒரு தரமாவது கேட்பாள். டாக்டருக்குக் கருவி எடுத்துக் கொடுக்கிறவள் அவள். திட்டிக்கொண்டே ஓடி வந்து, வருகிற போனையெல்லாம் அவளே எடுத்துவிடுவாள். தங்கமான மனுஷி. இன்றைக்குப் பார்த்து லீவு. மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

இன்னும் ஒரு வாரம், அதற்கப்புறமும் நாற்காலி காலியாக இருந்தால் வேறு பெண்ணைப் பார்த்துக்கொள்கிறேன் என்று டாக்டர் குருபிரசாத் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மருந்துச் சீட்டில் எழுதித்தான் கொடுத்தார். மாஸ்க்கோடு அவர் எதைச் சொல்ல வந்தாலும், மறந்துவிடுவேன், எழுதிக் கொடுத்துவிடுங்கள் சார் என்பது ஷகீலாவின் வழக்கம்.

பதினேழு இடம் ஏறி இறங்கி, பதினெட்டாவதாகக் கிடைத்த வேலை. விடுவாளா?

பாண்டி பஜார் ஜவுளிக்கடைகளுக்கு வெப்சைட் செய்துகொடுக்கிற பெரியம்மா மகன் இனாயத்தைப் பிடித்தாள். டாக்டருக்கும் ஒரு வெப்சைட் உண்டு. அமெரிக்க மச்சினர் சொன்னாரென்று ஆரம்பித்து, அவரே மறந்துபோனது. அதற்குள் இனாயத் புதிதாக ஒரு பக்கம் சேர்த்தான். பேர், தேதி, இ-மெயில் மூன்றையும் நிரப்பிவிட்டால் போதும். முந்தின நாள் தானாகவே கடிதம் போய்விடும். 1999-ல் அது மந்திரம்தான். போன் என்கிற பேச்சுக்கே இடமில்லை என்று அவள் முகத்துக்கு நேரே நின்று நிறுத்தி நிதானமாகச் சொன்னான். அவளிடம் அவன் எப்போதும் அப்படித்தான் பேசுவான்.

நான்காவது ஆளும் வந்துவிட்டான்! கையில் பிரிண்ட் எடுத்த கடிதம். சிரிப்பை அடக்கிக்கொண்டு கடைசி வரியைத் தொட்டுக் காட்டினான்.

ஷகீலா படித்தாள். தேதி சரி. நேரம் சரி. டாக்டர் பேர் சரி. அடியில், ஜவுளிக்கடைக் கடிதத்திலிருந்து இனாயத் எடுக்க மறந்த ஒரு வரி, அழகான இங்கிலீஷில்: விற்ற சரக்கு வாபஸ் வாங்கப்படமாட்டாது.

அடப்பாவி இனாயத்து!

காகிதம் கைமாறிக் கைமாறிப் போனது. நான்கு பேரும் தோள் குலுங்கச் சிரித்தார்கள். ஷகீலாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். போனால் போகிறது, இப்படி ஒரு கடிதத்தை யாரால் மறக்க முடியும்? நாற்காலி நான்கும் நிரம்பியாயிற்று. வேலை தப்பித்தது. அல்லாவுக்கு நன்றி சொல்லிவிட்டு நிமிர்ந்தாள்.

அவர்கள் சிரிப்பதை நிறுத்தியிருந்தார்கள். அவளைப் பார்த்தார்கள். பிறகு அவள் முழங்கைப் பக்கம் பார்த்தார்கள். மறுபடி அவளை.

உள்கதவு திறந்தது. மாஸ்க்கும் கையுறையுமாக டாக்டர். அவரும் அவளுடைய முழங்கைப் பக்கம்தான் பார்த்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு ஒரு கையுறையைக் கழற்றிவிட்டு வந்து, அவள் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளியிருந்த போனை எடுத்துப் பேசினார்.

ஷகீலா சட்டென்று எழுந்து நின்றாள். எவ்வளவு நேரமாக அடித்துக்கொண்டிருந்ததோ!

பத்தொன்பது வயதில் வந்த காய்ச்சல் அவளுடைய இரண்டு காதையும் கொண்டுபோய்விட்டது. அந்த உண்மையைப் பதினேழு இடத்தில் சொன்னாள். பதினேழு இடத்திலும் கதவைக் காட்டினார்கள். இங்கே மட்டும்தான் சொல்லவில்லை.

டாக்டர் போனை வைத்தார். அவர் மாஸ்க் அசைந்தது. ஏதோ சொல்கிறார். அவள் அந்தத் துணியையே பார்த்தாள். எழுதிக் கொடுங்கள் என்று கேட்கக்கூட வாய் வரவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

அவர் மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே இழுத்தார்.

"கடுதாசியிலே கடைசி வரியைப் படிச்சுட்டு, புடுங்கின பல்லைத் திருப்பித் தரமாட்டேளான்னு ஒருத்தர் கேக்கறார்" என்றன அவர் உதடுகள், ஒவ்வொரு வார்த்தையாக. "நாளைக்கு வர்றவாளுக்கும் இதே கடுதாசியே போகட்டும். அந்த வரியை எடுத்துடாதே. இந்தப் போனை நான் உள்ளே வெச்சுக்கறேன்."

சொன்னபடியே போனைத் தூக்கிக்கொண்டு, வயரைக் கதவிடுக்கு வழியாக இழுத்துக்கொண்டு போனார். வாசலில் நின்று மாஸ்க்கை ஏற்றிக்கொண்டார். உள்ளே திரும்பினார்.

திரும்பியவர் நின்றார். அவள் பக்கம் முகத்தைத் திருப்பி, மாஸ்க்கை மறுபடியும் கீழே இறக்கினார்.

"அடுத்த ஆளை அனுப்பும்மா."