வலம் திரும்பிய கைப்பிடி

மெஷின் தப்பு செய்யாது என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். பொதுநலன் கருதி இதைத் திருத்த வேண்டியிருக்கிறது. செய்யும். சொன்ன தப்பை மட்டும், மயிரிழை பிசகாமல், வழவழவென்று செய்யும்.

தளேகாவ் மரப்பட்டறையில், கம்ப்யூட்டர் சொல்படி மரம் குடையும் சி.என்.சி. மெஷினுக்கு உத்தரவு போடுபவள் சந்திரிகா. வளைந்து ஏறும் மாடிப்படி ஒன்றுக்குத் தேக்கில் கைப்பிடி செய்ய வேண்டும்.

"முதல்ல ஒரு பைன் கட்டையில வெட்டிப் பாரும்மா" என்றார் முதலாளி இருதயராஜ்.

"ஸ்க்ரீன்லயே பார்த்தாச்சு சார். எதுக்கு வெட்டி வேலை?"

கோர்படியில் புது வீட்டு வாசலில் டெம்போ நின்றது. இறக்கி வைத்த கைப்பிடியின் துணிச் சுற்றைப் பிரித்த சந்திரிகா, எதற்கும் இருக்கட்டும் என்று போனில் டிராயிங்கைத் திறந்தாள்.

டிராயிங்கில் படி இடப்பக்கம் வளைந்து ஏறியது. தேக்கு வலப்பக்கம் வளைந்து கிடந்தது.

மறுபக்கம் எப்படியிருக்கும் என்று பார்க்க, ஸ்க்ரீனில் ஒருமுறை கண்ணாடி பிம்பமாகத் திருப்பியிருந்தாள். பழையபடி திருப்ப மறந்துவிட்டாள்.

"தலைகீழாப் போட்டா சரியாயிடாதா மேடம்?" என்றார் டெம்போ டிரைவர் பத்ரி.

"ஸ்க்ரூவைத் தலைகீழாப் பிடிச்சா அதோட மரை திசை மாறுமாண்ணா?"

பத்ரி யோசித்தார். "மாறாது."

"இதுவும் அதே கதைதான்."

வெள்ளிக்கிழமை கிருகப்பிரவேசம். இனி தேக்கு தேடி, அறுத்து, குடைந்து... அதற்குள் முடியாது. போதாக்குறைக்கு உள்ளே காண்ட்ராக்டர் வசந்தகுமார் இருந்தார். 'ஒரு நூல் தப்பினாலும் திருப்பி அனுப்பிடுவேன்' என்று ஒரு வாரமாகப் போனில் விரட்டிக்கொண்டிருந்தவர்.

அவரே வெளியே வந்தார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது.

சந்திரிகா முந்திக்கொண்டாள். "அண்ணா, ஒரு தப்பு நடந்துபோச்சு..."

"மெல்லப் பேசுங்க மேடம். உள்ள வீட்டுக்கார மாமி இருக்காங்க." போனில் கேட்ட குரலா இது? "உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சா?"

"எது?"

"பாலாம்பாள் மாமி பாதி வேலையில, 'படி பிரதட்சிணமாத்தான் ஏறணும், வாஸ்து'ன்னுட்டாங்க. இடம் சுத்தற படியை வலம் சுத்தற மாதிரி மாத்திக் கட்டினேன். 'பட்டறைக்கு நான் சொல்லிடறேன் மாமி'ன்னும் சொன்னேன். மறந்தே போச்சு, மேடம். இப்ப உங்க டெம்போவைப் பார்த்ததும்தான் ஞாபகமே வந்தது. இனிமே மாமி என்னை வீட்டு வாசல்ல நிக்க விடுவாங்களா?"

சந்திரிகா போனில் டிராயிங்கை மூடினாள்.

"தூக்கி வெச்சுப் பார்ப்போம்ணா."

"எதுக்கு மேடம், வெந்த புண்ணுல..."

"சும்மா தூக்குங்க."

பத்ரி ஒரு முனை, வசந்தகுமார் ஒரு முனை, நடுவில் இரண்டு தச்சர்கள். கைப்பிடி படியோடு படியாக வளைந்து, விரலில் மோதிரம் ஏறுவதுபோலப் போய் உட்கார்ந்தது. கம்பிகளுக்குப் போட்ட துளைகள்கூட அச்சாகப் பொருந்தின.

வீட்டுக்கார பாலாம்பாள், கையை அதன்மேல் வழியவிட்டபடி மாடிவரை ஏறிப்போய் எட்டிப் பார்த்தார். "பட்டு மாதிரி இருக்குடிம்மா. வாஸ்து சரியா இருந்தா எல்லாம் தானா அமையும்னு நான் அப்பவே சொல்லலையா வசந்தகுமார்?"

"சொன்னீங்க மாமி."

வசந்தகுமார் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. தாழ்ந்த குரலில் சந்திரிகாவிடம் சொன்னார்: "நான் சொல்லாமலே எப்பவோ வந்து பார்த்துட்டு மாத்தியிருக்கீங்க. ஒரு வாரமா அவ்வளவு பேச்சு பேசினேன், பதிலுக்கு ஒரு வார்த்தை பேசல. மாமிகிட்டயும் காட்டிக் கொடுக்கல. என் தப்பைக்கூட வாசல்ல என்னைத் தனியா நிறுத்தித்தானே சொன்னீங்க."

உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. சந்திரிகா தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"பரவாயில்லண்ணா. ஆனா இனிமே டிராயிங் மாறினா உடனே சொல்லுங்க. வேலைன்னு வந்துட்டா கொஞ்சம் கவனம் வேணும்."

பத்ரிக்குத் திடீரென்று இருமல் வந்தது.

திரும்பும் வழியில் அவருக்கு மிசள் பாவ் வாங்கிக் கொடுத்தாள். இரண்டாவது தட்டும் அவளே சொன்னாள்.

மறுநாள் காலை, இருதயராஜ் சொல்லாமலேயே மெஷினில் ஒரு பைன் கட்டை ஏறியது.