குழாய்க்குக் கீழே மீன் சட்டி

சோல்வே வீட்டுச் சுவரில் நீட்டியிருந்த புதுக் குழாயின் வாய்க்கு நான் வலை மாட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு மார்வின் ஒரு கேஸ் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்து அதற்கு நேர் கீழே வைத்தார்.

"ஏம்ப்பா ஆர்னி, இதுதானே காத்தை உள்ள இழுக்கிற குழாய்?"

"இதுதான்."

"அப்ப சரி" என்று பனியைக் காலால் தள்ளி இடம் பண்ணிக்கொண்டு, அடுப்பைப் பற்றவைத்து, அதன்மேல் பெரிய சட்டியை ஏற்றினார்.

வீட்டைச் சூடாக்குகிற சோல்வேயின் பழைய ஃபர்னஸ் போன வாரம் மண்டையைப் போட்டுவிட்டது. மினசோட்டாக் குளிரில் ஃபர்னஸ் இல்லாமல் ரொம்ப நாள் தள்ள முடியாது. புதியதற்கு இரண்டு பிளாஸ்டிக் குழாய்கள் வேண்டும். ஒன்று புகையை வெளியே தள்ள, மற்றது வெளிக்காற்றை இழுக்க. வீட்டுக்கு முன்னால் வராந்தா. பின்னால் பனி ஆள் உயரத்துக்குக் குவிந்து குழாயையே மூடிவிடும். மிச்சம் இருந்தது மார்வினின் கராஜைப் பார்த்த இந்தச் சுவர்தான்.

காலையில் நான் துளை போட ஆரம்பித்ததுமே மார்வின் வந்துவிட்டார்.

"உன் வீட்டு மூச்செல்லாம் என் கராஜ்லதான் வந்து விழணுமா?"

சோல்வே பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். கடைசி சீட்டு வரைக்கும் எட்டுகிற குரல்.

"விழட்டும்! ஆனா ஒண்ணு சொல்லிட்டேன் மார்வின். இன்னொரு குழாய் காத்தை நேரா என் வீட்டுக்குள்ள இழுக்கும். நீ பாட்டுக்கு இங்க மீன் வேகவச்சிராதே, எனக்குக் குடலே வெளிய வந்துரும்!"

பசை டப்பாவோடு நின்றிருந்த நான் வாயைத் திறந்தேன். அவள் என் காலை மிதித்தாள். பூட்ஸுக்குள் விரல் நசுங்கியது.

இந்த வகை ஃபர்னஸில் வெளிக்காற்று வீட்டுக்குள் எட்டிக்கூடப் பார்க்காது. மூடிய பெட்டிக்குள் எரிகிற நெருப்புக்குப் போய், புகையாகி, அடுத்த குழாய் வழியாக வெளியே வந்துவிடும். முந்தின நாள்தான் இதைச் சோல்வேக்குப் படம் போட்டு விளக்கியிருந்தேன்.

காலை மிதித்தபோது எனக்குப் புரியவில்லை. தன் வாசல் கதவோரம் கிடந்த மீன் பெட்டியை மார்வின் எடுத்து வந்து உடைக்கும்போதுதான் புரிந்தது. அடிப்பாவி!

சனிக்கிழமை எங்கள் தேவாலயத்தில் மீன் விருந்து. நார்வேயிலிருந்து வந்த பாட்டன்மார் கூடவே கட்டிக்கொண்டு வந்த வம்பு அது. காய்ந்த மீனைச் சோடாக் காரம் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டு, அலசி அலசி, வேகவைக்க வேண்டும். நாற்றம் ஊரையே தூக்கும். அதனால்தான் எல்லோரும் கராஜில் வைத்துச் செய்வோம். கண் இமைக்கிற நேரம் கூடுதலாக வெந்தால் கஞ்சிதான்.

அந்தப் பக்குவம் மார்வின் கைக்கு மட்டும்தான் தெரியும். மனைவி பெர்னிஸ் இறந்துபோனதிலிருந்து மனிதர் அடுப்பைத் தொடவில்லை. ரொட்டியும் ஜாமுமாக ஓட்டிக்கொண்டிருந்தார். போன வருடம் நாங்களே வேகவைத்து, கரண்டியில் அள்ளி ஊற்றினோம். இந்த வருடமும் அப்படி ஆனால் இனிமேல் மீன் கிடையாது, ஸ்பகெட்டிதான் என்று போதகர் சொல்லிவிட்டார். ஸ்பகெட்டியாம்! கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

போதகர் கெஞ்சினார். நான் கெஞ்சினேன். கெஞ்சக் கெஞ்ச மார்வின் இறுகிப்போனார். சோல்வே ஊறவைத்து அலசி அவர் வாசலில் வைத்துவிட்டு வந்த மீன் பெட்டியை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, இன்று வரை.

இப்போது தண்ணீர் தளதளத்தது. துணியில் கட்டிய மீனை உள்ளே இறக்கினார். குப்பென்று வந்தது. நான் கையுறையால் மூக்கை மூடிக்கொண்டேன்.

"நாத்தம் உள்ள நல்லா போகுமா?" என்று குசுகுசுத்தார்.

"நேரா ஹாலுக்கு" என்றேன் நானும், என்ன பாவமோ.

சமையலறைக் கதவு திறந்தது. சோல்வே ஏப்ரனால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"யோவ், மனுஷனாய்யா நீ? திரைச்சீலையெல்லாம் நாறுதுய்யா!"

"என் சட்டி, என் மீன். உனக்கென்ன வந்தது?"

கதவு படாரென்று சாத்திக்கொண்டது. உள்ளே அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பாள்.

மார்வின் சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சட்டென்று துணியைத் தூக்கினார். மீன் உடையாமல், கண்ணாடி மாதிரி, முழுசாக வந்தது. ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டார். இன்னொரு விள்ளலும் எடுத்தார்.

"சனிக்கிழமைக்கு இந்தச் சட்டி பத்தாது, அவகிட்ட சொல்லு" என்றார் கடைசியில். "நான் கேட்டேன்னு சொல்லிராதே."

சாமான்களைக் கட்டிக்கொண்டு, மார்வின் வீட்டை வளைத்து என் வண்டிக்கு நடந்தேன். அந்தப் பக்கச் சுவரிலும் இரண்டு வெள்ளைக் குழாய்கள். ஒன்று மெல்ல ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

அதுவும் நான் போட்டதுதான், பெர்னிஸ் இருந்தபோது. கராஜ் மீன் நாற்றம் இந்தக் குழாய் வழியாக வீட்டுக்குள் வந்துவிடுமே என்று அவள் அன்றைக்கு ஒரே ரகளை. நான் எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. கடைசியில் மார்வின்தான் அவள் தோளைப் பிடித்துக் குழாயைக் காட்டிச் சொன்னார்:

"ஒரு பொட்டு நாத்தம் வராது பெர்னிஸ். இது போறது நெருப்புக்கு மட்டும்தான்."